வேகாத ஹாங்கி

புக்கேவேரா
2 அக்டோபர் 1983

அன்புள்ள தம்பி மத்தியுவுக்கு,

அக்கா ஹுயா எழுதுவது. நான், உன் மச்சான் ஹோனே, குட்டி மாராமா மூவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்? ஆஸ்திரேலியாவில் வெயில் மண்டையைப் பிளக்கிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். தொப்பி போடாமல் திரியாதே.

போனில் பேசலாம் என்றால் நம் லைனில் இன்னும் மூன்று வீடு இருக்கிறது. நான் ரிசீவரை எடுத்தாலே பக்கத்துப் பண்ணை பெவர்லி மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். பள்ளித் திருவிழாவை மார்ச் பத்தாம் தேதி என்று வைத்திருக்கிறோம். நீச்சல் குளத்தில் விரிசல் விட்டு, காலையில் நிரப்பினால் மாலையில் முழங்கால் ஆழம்தான் மிஞ்சுகிறது. அதைச் சரிசெய்யத்தான் இந்த வருஷ வசூல். என்னைத்தான் கமிட்டித் தலைவியாகப் போட்டிருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் கில்லெஸ்பி எடுத்த எடுப்பிலேயே, “இந்த வருஷம் ஹாங்கி வேணாமே. குழி தோண்டி, கல்லைக் காய வெச்சு, கறியையும் கிழங்கையும் உள்ள எறக்கி, மண்ணப் போட்டு மூடி... எதுக்கு வம்பு? சாசேஜ் சுட்டுக் குடுத்துட்டுப் போயிடலாம்” என்றார். எனக்கு வந்ததே கோபம்! “சாசேஜ் திங்கவா மலைக்கு அந்தப் பக்கத்துலேருந்து சனம் கார் எடுத்துட்டு வருது? ஹாங்கி உண்டு. என் தம்பி வந்து வைப்பான்” என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமலே வாயில் வந்துவிட்டது.

தாமத்தி மாமா மட்டும், “வரட்டும், வரட்டும். இந்தத் தடவ கோழி செத்ததுக்கப்புறம் குழியில போடச் சொல்லு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விளையாட்டுக்குத்தான். நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

வருவாய்தானே? உடனே எழுது.

உன் நலம் நாடும்
ஹுயா


மவுண்ட் ஐசா
30 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறேன். தொப்பி போடுகிறேன். மச்சானுக்கும் மாராமாவுக்கும் என் அன்பைச் சொல்.

நான் வரவில்லை. என்னைக் கேட்காமல் நீ வாக்குக் கொடுத்தாய் என்றால் அதை நீயே காப்பாற்று.

போன மார்ச்சில் நடந்தது உனக்கு மறந்துபோயிருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. ஐந்து மணிக்கு நெருப்பு வைத்து, கல் வெள்ளையாகச் சூடேறும் வரை பக்கத்திலேயே நின்று, கூடைகளை என் கையால் இறக்கி, ஈரத்துணி போட்டு, சாக்குப் போட்டு, மண் போட்டு மூடினேன். ஒரு மணிக்குத் திறந்தால் ஆட்டுக்கறியில் ரத்தம். கோழி ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது. கூமரா கிழங்கை எடுத்து எறிந்தால் ஆள் காலி. முந்நூறு பேர் கையில் சீட்டை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேரும் மீன் வறுவல் கடைக்குப் போனார்கள். நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீயும் அங்கேதான் இருந்தாய்.

நம் குடும்பம் வைத்த ஹாங்கி வேகாமல் வந்தது என்று ஒரு நாள் கிடையாது. அது என் தலையில் எழுதியிருந்தது போல.

அது போகட்டும். இந்த வருஷம் புட்டிங் யார் செய்வது?

அன்புடன்
மத்தியு


புக்கேவேரா
14 நவம்பர் 1983

அன்புள்ள மத்தியுவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறேன். ஹோனேவுக்கு முதுகுப் பிடிப்பு வந்து இப்போது தேவலை.

வரவில்லை என்று எழுதிவிட்டால் ஆயிற்றா? மானுக்கா விறகு வெட்டி, கொட்டகையில் அடுக்கியாயிற்று, காயவும் ஆரம்பித்துவிட்டது. உன் மச்சான் முதுகு பிடித்துக்கொண்டதே அந்த விறகால்தான். அந்த மனுஷனுக்காகவாவது வா.

திருவிழா வேலை என்னைப் பிய்த்துத் தின்கிறது. மைதானத்தின் படத்தைச் சுவர்க் காகிதத்தின் பின்பக்கம் வரைந்து வைத்திருக்கிறேன். இதுவரை பதினோரு தடவை அழித்து எழுதிவிட்டேன். குதிரைச் சவாரியைக் கேக் கடைக்குப் பக்கத்தில் போட்டால் ஈ மொய்க்கும். பசு எந்தக் கட்டத்தில் போடும் என்று காசு கட்டுகிற சாணிப் பந்தயத்துக்குக் கட்டம் போடக் கிரிக்கெட் மைதானத்தைக் கொடுக்க மாட்டேன் என்கிறார் கில்லெஸ்பி. பின்னே பசு எங்கே போய்ச் சாணி போடும், அவர் அறையிலா? கடைசியில் ராட்டினத்தை இடம் மாற்றினேன். மாற்றியதும் ஹாங்கிக் குழிக்கு இடம் இல்லை. மறுபடி அழி.

சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இருக்க முடியவில்லை, எழுந்து எதையாவது துடைக்கிறேன். “உனக்கு என்னதான் ஆச்சு? கொஞ்ச நேரம் உக்காரேன்” என்கிறார் ஹோனே. உட்கார முடிந்தால் உட்கார மாட்டேனா?

நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும். நல்ல ஒரு ஹாங்கி வைத்துவிட்டால் ஊர் வாய் தானாக அடங்கும். யோசித்துப் பார்.

அன்பு அக்கா
ஹுயா


மவுண்ட் ஐசா
11 டிசம்பர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் மச்சானுக்கும் மாராமாவுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் நலம். மாராமாவுக்கு ஒரு கங்காரு பொம்மை தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். மச்சானை விறகு தூக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இங்கே விடுதியில் நம் நாட்டுப் பையன்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஹாங்கி வைத்துத் தரச் சொல்லி ஒரு வாரமாக என் கதவைத் தட்டுகிறார்கள். “அண்ணே, நீ அந்த ஊர்க்காரன்தானே, கை தானா வேலை செய்யுமே” என்கிறார்கள். எனக்கு வைக்கத் தெரியாது என்று சொன்னேன். நம்பவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வந்து இப்படி ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

புட்டிங் பற்றிக் கேட்டிருந்தேன். பதில் காணோம். கை மணிக்கட்டில் சுட்டுக்கொண்டாயே, அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறதா?

அன்புடன்
மத்தியு


புக்கேவேரா
3 ஜனவரி 1984

அன்புள்ள மத்தியுவுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. எல்லோரும் நலம். கங்காரு வந்து சேர்ந்தது. மாராமா அதை விட்டுப் பிரிவதில்லை.

புட்டிங், புட்டிங் என்று என்ன ஓயாமல் அதையே கேட்டுக்கொண்டிருக்கிறாய்? இந்த வருஷம் பெவர்லி செய்கிறாள். போதுமா? கை ஆறிவிட்டது. வீட்டு அடுப்பில் பட்ட சூடு, எத்தனை நாளைக்கு இருக்கும்?

இங்கே என் தலைக்கு மேல் கத்தி தொங்குகிறது. பிப்ரவரி கடைசிக்குள் ஹாங்கிக்கு ஆள் பெயர் கொடுக்காவிட்டால் சாசேஜ்தான் என்று கில்லெஸ்பி எழுத்தில் கொடுத்துவிட்டார். தாமத்தி மாமாவைக் கேட்டேன். “நான் வெச்சா மத்தியுவ ஒதுக்கின மாதிரி ஆயிடும். அவன் வரட்டும், இல்லன்னா வேணாம்” என்கிறார். நக்கலடித்தாலும் அவருக்கு உன் மேல் உயிர். நீ வந்தே ஆக வேண்டும்.

ஹுயா


புக்கேவேரா
29 ஜனவரி 1984

அன்புள்ள தம்பி,

நீ நலமா? ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. போன கடிதத்தில் கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டேன். தபால்காரர் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். கரண்ட் பில்லும் ஆட்டு மருந்து விளம்பரமும்தான் வருகிறது.

பள்ளி திறந்து நான்கு நாள்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமை மாராமாவை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள். மதியச் சாப்பாட்டில் ஒரு பையனுடைய அப்பம் நடுவில் வேகாமல் இருந்திருக்கிறது. “ஐயே, மத்தியு வெச்சது” என்றானாம். இவள் அவன் கையைக் கடித்துவிட்டாள். இங்கே இப்போது எது வேகாவிட்டாலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இதை உனக்கு எழுதாமல் மறைத்திருந்தேன்.

வீட்டில் வைத்து அவளைத் திட்டினேன். அவள் அழவே இல்லை. “மாமா ஒழுங்காத்தாம்மா வெச்சாரு. வேற யாரோதான் ஏதோ பண்ணிட்டாங்க. அவங்க ஏம்மா சொல்லல?” என்றாள். என் கையில் இருந்த தட்டு தொட்டியில் விழுந்து உடைந்தது.

மத்தியு, அது நான்தான்.

நீ குழியை மூடிவிட்டு, சட்டை மாற்ற வீட்டுக்குப் போனாய். ஆவி எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கச் சொல்லி மண்வெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, ஹாங்கி ஆவியில் வேக வேண்டிய என் பன்னிரண்டு புட்டிங்கும் கார் டிக்கியில் கம்பளிக்குக் கீழே கூடையோடு கிடக்கிறது. முந்தின நாள் பூராவும் உட்கார்ந்து செய்தது. பெவர்லியிடம், “உன் கேக்குக்கு முன்னாடி என் புட்டிங்தான் வித்துத் தீரும், பாரு” என்று வீறாப்பாகச் சொல்லியும் வைத்திருந்தேன். அந்த வீறாப்புதான் கெடுத்தது. சுற்றிலும் யாரும் இல்லை. ஒரு மூலையில் மண்ணை ஒதுக்கி, சாக்கைத் தூக்கினேன். ஆவி குபீரென்று வந்து கையில் அடித்தது. கூடையை உள்ளே தள்ளி, திரும்ப மூடினேன். சரியாக மூடவில்லை. அந்த மூலையில் கடைசி வரை ஆவி போய்க்கொண்டே இருந்தது. நான் மண்ணைப் போட்டுப் போட்டுப் பார்த்தேன், நிற்கவில்லை. நீ திரும்பி வருவதற்குள் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு தேநீர்க் கடைப் பக்கம் போய்விட்டேன்.

ஹாங்கியை நடுவில் திறக்கக் கூடாது என்று இந்த ஊரில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். நான் திறந்தேன். ஊர் உன்னைப் பார்த்துச் சிரித்தபோது வாயைத் திறக்காமல் நின்றேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் நீ விமானம் ஏறிவிட்டாய்.

நீ வந்து ஒரு தடவை நன்றாக வைத்துவிட்டால், சொல்லாமலே இது முடிந்துவிடும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் உன்னை அப்படிக் கெஞ்சினேன். வெட்கமாக இருக்கிறது.

திட்டியாவது ஒரு கடிதம் போடு.

உன் அக்கா


மவுண்ட் ஐசா
10 பிப்ரவரி 1984

அக்காவுக்கு,

உடம்பு சரியாகத்தான் இருக்கிறது. அங்கே எல்லோரும் சுகம்தானே. மாராமாவை அடிக்காதே.

எனக்குத் தெரியும். குழியில் நான் இறக்கியது பதினெட்டு கூடை. எடுத்தது பத்தொன்பது. மேலே உன் புட்டிங், நீ கட்டுகிற நீலக்கோடு போட்ட துணியில். மாவு கையில் ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தால் நீ கையில் கட்டோடு கேக் கடைக்குப் பக்கத்தில் நிற்கிறாய். என்னைப் பார்த்தாய். பிறகு தரையைப் பார்த்தாய்.

இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நின்றேன். மறுநாள் சொல்வாய் என்று பார்த்தேன். ஏப்ரல் முழுக்க உன் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போனேன். நீ சர்க்கரை போதுமா என்று கேட்டாய். மே மாதம் கிளம்பினேன். ஊர் சிரித்ததற்காக ஒன்றும் நான் ஓடி வரவில்லை. ஊர் எதற்குத்தான் சிரிக்காது? தாமத்தி மாமா தன் சொந்தக் கல்யாணத்தில் வேட்டைத் துப்பாக்கியால் தன் கார் டயரையே சுட்டவர், அவரைப் பார்த்து நாற்பது வருஷமாகச் சிரிக்கிறார்கள். நீ சும்மா நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நானும் யோக்கியன் இல்லை. கூடைக் கணக்கைச் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். சொல்லாமல், நீயாக வாயைத் திறக்கிறாயா என்று ஒரு வருஷமாக உன்னை வேவு பார்த்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் புட்டிங் என்று எழுதியபோது உனக்குச் சுருக்கென்று இருக்கும் என்று தெரிந்துதான் எழுதினேன். அதுவும் கெட்ட புத்திதான்.

என்னிடம் சொல்லிவிட்டாய், சரி. எனக்குத்தான் முன்பே தெரியுமே. தெரியாதவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

மத்தியு


புக்கேவேரா
19 பிப்ரவரி 1984

என் தம்பி மத்தியுவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். உன் கடிதத்தைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால் நின்று படித்தேன். கோழியெல்லாம் பயந்து ஓடும் அளவுக்கு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு நேற்றுக் கூட்டத்துக்குப் போனேன்.

சொல்லிவிட்டேன்! குதிரைச் சவாரிக் கட்டணம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று, “ஒரு நிமிஷம். போன வருஷம் ஹாங்கி வேகாததுக்கு மத்தியு காரணம் இல்ல. நான்தான் நடுவுல தொறந்து புட்டிங்க உள்ள வெச்சேன்” என்றேன்.

பெவர்லி மூக்கை உறிஞ்சினாள். “எனக்கும் இப்படி ஒரு அக்கா இருந்திருக்கக் கூடாதா!” என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

தம்பி, அவர்கள் நம்பவில்லை!

“நெசமாத்தான் சொல்றேன்” என்று கத்தினேன். தாமத்தி மாமா எழுந்து வந்து என் தோளில் கை போட்டு, “உன் மனசு பெருசும்மா ஹுயா. தம்பி வரணும்னு பழிய நீ ஏத்துக்கிற. ஆனா பொய் சொல்றதுன்னா நம்புற மாதிரி சொல்லணும். மூடின ஹாங்கியத் தொறக்கிற மடச்சி இந்த ஊர்ல பொறந்ததே இல்ல” என்றார். கில்லெஸ்பி கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். ‘திருமதி ஹுயாவின் பெருந்தன்மைக்குப் பாராட்டு’ என்று கூட்டக் குறிப்பிலும் எழுதிவிட்டார்கள்.

சட்டைக் கையை மடக்கித் தழும்பைக் காட்டினேன். “அது வீட்டு அடுப்புல சுட்டதுன்னு நீதானே சொன்ன?” என்றாள் பெவர்லி. நான் சொன்ன பொய்யை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள்.

ராத்திரி ஹோனேயிடம் சொன்னேன். அவர் மட்டும் நம்பினார். வெகுநேரம் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்தி, “பாவம்டி அந்தப் பையன்” என்றார்.

இப்போது ஊரில் நான் தியாகி, நீ பழையபடி வேகாத கோழி. முன்பைவிட மோசமாகிவிட்டது. இதை மாற்ற என்னால் முடியாது. கூடைக் கணக்கு தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஹாங்கி வைக்க வர வேண்டாம். சாசேஜே இருக்கட்டும். என்னைக் காட்டிக்கொடுக்க வா.

உன் பொல்லாத அக்கா
ஹுயா


மவுண்ட் ஐசா
26 பிப்ரவரி 1984

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் மச்சானும் மாராமாவும் சுகமாக இருங்கள். கோழிகளையும் விசாரித்ததாகச் சொல்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் பிரித்தேன், அதுதான் தப்பு. ‘பெருந்தன்மைக்குப் பாராட்டு’ என்ற இடத்தில் வாயிலிருந்த டீ மேசையெல்லாம் தெறித்தது. பையன்கள் என்ன, என்ன என்று சூழ்ந்துகொண்டார்கள். முதலிலிருந்து முழுக்கதையும் சொன்னேன். போன மார்ச்சுக்குப் பிறகு அதை வாய்விட்டுச் சொன்னது அன்றுதான். சொல்லி முடித்ததும் வயிற்றில் ஒரு பசி வந்தது பார், இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

கோபம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். கொஞ்சம் இருக்கிறது. உன் முகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் வரலாம். வந்தால் திட்டுவேன், நீ கேட்டுக்கொள்.

லீவு கிடைத்துவிட்டது. எட்டாம் தேதி வியாழக்கிழமை வருகிறேன். கில்லெஸ்பிக்கு என் பெயரைத் தந்தி அடித்துவிட்டேன், சாசேஜை அவரே சாப்பிடட்டும். குழியை மச்சான் தொட வேண்டாம், முதுகு போய்விடும். வெள்ளிக்கிழமை நானும் நீயும் தோண்டுவோம். பெவர்லியின் புட்டிங்கை முதலிலேயே வாங்கி வைத்துவிடு.

சனிக்கிழமை ஒரு மணிக்குக் குழியைத் திறப்பதற்கு முன் மைக்கை வாங்கி நான் எல்லாவற்றையும் சொல்வேன், பெயர் உட்பட. நான் சொன்னால் நம்புவார்கள். சாகும்வரை உன்னை விட மாட்டார்கள், உனக்கு என்ன பெயர் வைக்கப்போகிறார்களோ தெரியாது.

ஒன்றே ஒன்று. நான் பேசும்போது நீ கேக் கடைப் பக்கம் நிற்கக் கூடாது. என் பக்கத்தில் நிற்க வேண்டும். ஊர் சிரிக்கும். போன வருஷம் அந்தச் சிரிப்பை நான் தனியாக நின்று கேட்டேன். இந்த வருஷம் இரண்டு பேரும் நின்று கேட்போம்.

உன் தம்பி
மத்தியு